தகுதி வழக்கும் குடல் நோயும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று செயலாளர் ஐயா கேட்டபோது, தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றும் கூறினார். குடல் நோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அம்மா, உங்கள் உரையை உணவுக்கு முன் வைத்துக்கொள்வதா, பின் வைத்துக்கொள்வதா?" என்று வினவினார். முன்னரே வைத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவருடைய தயக்கத்தில் குறை காண்பதற்கில்லை. நம் எல்லாரிடமும் உள்ள தயக்கம்தான் அது. அந்தத் தயக்கமே இன்றைய என் பொருள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வயிற்றைக் கொண்டு பேசுவதில் தமிழுக்கு நிகர் தமிழே. பொறாமை வந்தால் நமக்கு வயிறு எரிகிறது. அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. நற்செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்க்கப்படுகிறது. பிழைப்பைக் கெடுப்பவன் வயிற்றில் அடிக்கிறான். பிள்ளை துன்புற்றால் பெற்ற வயிறு துடிக்கிறது. உணர்வுகள் பலவற்றுக்கு வயிற்றையே இருப்பிடமாக வகுத்த மொழி இது. ஆயினும் அவ்வயிற்றுக்குள் இருக்கும் குடலுக்கு உண்மையிலேயே ஒரு நோய் வந்துவிட்டால், அதைச் சொல்ல வழியின்றி வாயடைத்துப் போகிறோம்.

நான் சொல்லவந்த நோயைக் 'குடல் அழற்சி நோய்' என்பர். அது இரண்டு நோய்களின் பொதுப்பெயர். ஒன்று, மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்படலத்தில் மேல்நோக்கிப் படரும் புண். மருத்துவர்கள் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்கிறார்கள். மற்றொன்று கிரோன் நோய்; வாய் முதல் எருவாய் வரை எவ்விடத்தும் தோன்றலாம்; குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவலாம்; இடையிடையே நலமான பகுதிகளை விட்டுவிட்டுத் தாக்கும். உடலைக் காக்க வேண்டிய தடுப்பாற்றல், குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களுக்கு எதிராக அளவு மீறி எழுந்து, எழுந்தது அடங்காமல் நின்று, குடலையே புண்ணாக்கிவிடுகிறது. மரபணு, சூழல், உணவு, நுண்ணுயிர் ஆகியவற்றுக்கெல்லாம் இதில் பங்குண்டு. ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. இது தொற்றுநோயன்று. பெரும்பாலும் இளமையில், கல்லூரிப் பருவத்திலும் வேலையில் சேரும் பருவத்திலும் தலைகாட்டுகிறது. தணியும், மீண்டும் வரும். மருந்தால் அடியோடு நீக்க இயலாவிடினும் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கச் செய்ய முடியும்.

இடையில் ஒன்று. 'குடல் எரிச்சல் நோய்' என்று வேறொன்று உண்டு. அதில் வலி உண்டு, கழிச்சல் உண்டு. புண் இல்லை, குருதி இல்லை. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.எஸ். என்பது அது, ஐ.பி.டி. என்பது நான் பேசுவது. நம் நாளிதழ்களின் மருத்துவப் பகுதிகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. அழற்சியும் எரிச்சலும் தீயோடு தொடர்புடைய சொற்களாக இருப்பதால் வந்த வினை போலும்!

மேலைநாட்டார் நோய் என்று நெடுங்காலம் இதனை ஒதுக்கி வைத்திருந்தோம். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 68 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது ஓர் உலகளாவிய கணக்கீடு. இந்தியாவைப் பற்றிய தெளிவான சான்று பஞ்சாபிலிருந்து வந்தது. லூதியானாவைச் சார்ந்த மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்று 51,910 பேரிடம் விசாரித்து, ஐயத்திற்குரியோரைச் சோதித்து, 23 பேருக்குப் பெருங்குடல் அழற்சி இருப்பதைக் கண்டனர். 2003இல் அவ்வாய்வு வெளிவந்தது. ஓர் இலட்சத்துக்கு 44 பேர் என்பது அக்கணக்கு. நோயாளர் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், வாசலில் நின்று வாய்விட்டுக் கேட்டார்கள் என்பதே இங்கு நான் சுட்ட விரும்புவது. கேட்டால்தான் சொல்வார்கள்; அதுவும் புரியும் சொல்லில் கேட்டால்தான்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். தகுதி வழக்கை நன்னூலார் மூன்றாக வகுத்தார் என்பது இங்குள்ள அனைவரும் பள்ளியில் படித்ததே: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. வகுப்பில் முதலாவதற்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். 'கால் கழுவி வந்தான்' என்பதே வழிவழி வரும் எடுத்துக்காட்டு. நம் ஊர்களில் இன்னும் எத்தனை! வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல். நயமான சொற்களே, நாகரிகத்தின் அடையாளங்களே. ஆனால் மருத்துவரின் முன் அமர்ந்திருக்கும் நேரத்தில் இம்மூவகை வழக்கும் ஒன்றுகூடி விடுகின்றன. நோயாளர் இடக்கரடக்கலில் பேசுகிறார். உடன் வந்த உறவினர் மங்கலத்தில் பேசுகிறார். "ஒன்றுமில்லை, கொஞ்சம் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்" என்பார். மருத்துவரோ தம் கூட்டத்தார்க்கே விளங்கும் குழூஉக்குறியில் பேசுகிறார். மூவரும் இலக்கணத்தோடுதான் பேசுகிறார்கள். நோய் மட்டும் பேசப்படாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறது.

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவரின் நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் சொல்வதற்கு அவருடைய இசைவு பெற்றிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து கல்லூரிக்கு வருபவர். விடுப்பு விண்ணப்பங்களில் எப்போதும் 'வயிற்று வலி' என்றே எழுதுவார். பெண்பிள்ளை அவ்வாறு எழுதினால் மேற்கொண்டு எவரும் கேட்பதில்லை. அச்சொல் அவருக்கு நல்ல திரையாக அமைந்துவிட்டது. குருதி போவதைத் தாயிடம் சொல்ல அவருக்கு மூன்று திங்கள் பிடித்தது. தாய் அதை மூலம் என்று எண்ணினார். சென்ற இடத்திலும் மூலத்துக்கே மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தில் மேலும் நான்கு திங்கள் கழிந்தன. பேருந்தில் நடுவழியில் இறங்க நேர்ந்துவிடுமோ என்று அஞ்சிக் காலை உணவை நிறுத்தினார். பிறகு நண்பகல் உணவையும் நிறுத்தினார். எடை குறைந்தது, முகம் வெளிறியது. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் எந்தக் கருவியையும் தொடுமுன்னர் மூன்று கேள்விகள் கேட்டாராம். "சீதம் போகிறதா? கடுப்பு இருக்கிறதா? இரவில் தூக்கம் கலைந்து எழவேண்டி வருகிறதா?" மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லும்போதே இவருக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, சீதம் என்ற சொல்லை எங்கள் பாட்டி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஒரு டாக்டர் வாயால் கேட்டபோது, என் நோய் இவருக்குத் தெரிந்த நோய்தான் என்று பட்டது" என்று பின்னர் என்னிடம் கூறினார். பெருங்குடலை உள்நோக்கியால் பார்த்தபோது நோய் உறுதியாயிற்று.

அம்மருத்துவர் கேட்ட மூன்று சொற்களையும் சற்று நிறுத்திப் பாருங்கள். மூலத்தில் குருதி பெரும்பாலும் தனியே, செந்நிறமாகச் சொட்டும். அழற்சியில் அது சீதத்தோடு கலந்து வரும். குடல் எரிச்சல் நோய் பெரும்பாலும் உறங்குபவரை எழுப்புவதில்லை. புண்ணுடைய குடல் எழுப்பும். 'கடுப்பு' என்பது, போக ஒன்றுமில்லாத போதும் போகவேண்டும் என்று வலியோடு உந்தும் உணர்வு. ஆங்கில மருத்துவ நூலில் இதற்கு 'டெனெஸ்மஸ்' என்று ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் சாதாரணக் குடிமகனுக்கு அச்சொல் தெரியாது. நம் பாட்டிமார்க்குக் கடுப்பு தெரியும். கழிச்சல், சீதம், கடுப்பு, பொருமல், முக்கல் என்று இத்துணை நுட்பமாக வகைப்படுத்திய மொழியை வைத்துக்கொண்டு, நாம் இன்று 'மோஷன்' என்கிறோம். 'லூஸ் மோஷன்' என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லுமே ஆங்கிலேயரின் இடக்கரடக்கல்! அவர்கள் கூச்சத்தைக் கடன் வாங்கி நம் கூச்சத்தை மூடிக்கொண்டிருக்கிறோம்.

இவற்றை அவையில் சொல்லலாமா என்று கேட்போர்க்குத் தொல்காப்பியத்தையே துணைக்கு அழைக்கிறேன். எச்சவியலில் அவையல் கிளவியை மறைத்துச் சொல்லுக என்று விதித்தவர், அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கும் தந்திருக்கிறார். நெடுங்காலமாக வழக்கில் மருவி வந்த சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்பது அது. ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை, யானையிலண்டம் என்று உரைகாரர்கள் கூசாமல் எடுத்துக்காட்டுத் தந்தார்கள். யானைக்குத் தந்த உரிமையை மனிதர்க்கு மறுப்பானேன்? சீதமும் கழிச்சலும் கடுப்பும் இவ்விலக்கில் அடங்கும் சொற்களே என்பது என் துணிபு.

சொல்லுக்கு இத்துணை சிறப்பு எதற்கு, இன்று கருவிகள் வந்துவிட்டனவே என்பீர்கள். கருவிகளின் வரலாற்றையும் ஓரளவு படித்துப் பார்த்தேன். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களான ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 நோயாளரைக் கொண்டு கார்ட்டிசோன் மருந்தின் பயனை ஆய்ந்து நிறுவினர். பெருங்குடல் அழற்சியின் மருத்துவத்தில் அது ஒரு திருப்புமுனை. நோயின் கடுமையை அவர்கள் அளந்த முறையில் முதலாவது என்ன தெரியுமா? குருதியோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்பதே. ஆறும் அதற்கு மேலும் என்றால், காய்ச்சல், நாடித்துடிப்பு, குருதிச்சோகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துக் கடுமையானது என்று கொண்டனர். எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் உலகெங்கும் மருத்துவர்கள் அந்த அளவுகோலையே கையாளுகின்றனர். அந்த எண்ணிக்கையைத் தரவேண்டியவர் நோயாளர். கூச்சத்தால் எட்டை நான்காக்கிச் சொன்னால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெயர்களின் கதையும் சுவையானது. கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்சியல் 1913லேயே இத்தகைய குடல் நோயை எழுதிவைத்தார். மாடுகளுக்கு வரும் ஒரு குடல் நோயோடு அதை ஒப்பிட்டும் காட்டினார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். ஆங்கில அகரவரிசையில் கிரோனின் பெயர் முதலில் வந்தது; நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. தமிழ் அகரவரிசையில் அடுக்கியிருந்தால் அது ஓப்பன்ஹைமர் நோயாகியிருக்கும்!

பெண் என்ற முறையில் நான் விரும்பி நினைவுகூர்பவர் ஸ்வீடன் நாட்டு நன்னா ஸ்வார்ட்ஸ். 1937இல் பேராசிரியரானவர், அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அப்பதவி பெற்ற முதல் பெண். மூட்டு வாதத்துக்கு மருந்து தேடி, சல்ஃபா மருந்தொன்றையும் சாலிசிலிக் அமிலத்தின் வழிவந்த பொருளொன்றையும் இணைத்துப் பார்த்தார். அது பெருங்குடல் அழற்சியைத் தணித்தது. 1940களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டார். சல்ஃபாசலசீன் என்னும் அம்மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. அதன் இரு கூறுகளைப் பிரித்துப் புண்ணுக்கு மருந்தாகத் தருபவை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே. நோய்க்குக் காரணம் என்று நாம் ஐயுறும் கூட்டத்திலிருந்தே மருந்துக்கும் உதவி வருகிறது.

1998இல் இன்ஃபிளிக்சிமாப் என்னும் எதிர்ப்புப்பொருள் கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைப் பிடித்து அடக்குவது அது. வெள்ளணுக்கள் குடற்சுவருக்குள் நுழையாமல் வாயிலிலேயே தடுக்கும் வெடோலிசுமாப் 2014இல் வந்தது. ஊசியின்றி வாய்வழி உட்கொள்ளும் டோஃபாசிட்டினிப் 2018இல் பெருங்குடல் அழற்சிக்கு ஏற்கப்பட்டது. அடாலிமுமாப் என்னும் மருந்துக்கு ஒத்த உயிரிமருந்தை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம், ஆண்டு 2014. விலை இறங்கியது, ஆயினும் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு இன்னும் எட்டாக்கனிதான்.

நம் நாட்டில் இம்மருந்துகளுக்கு ஒரு பெருந்தடை உண்டு. கிரோன் நோயும் குடற்காச நோயும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தையே இரண்டும் நாடும். எடை குறைதலும் வலியும் காய்ச்சலும் இரண்டிலும் உண்டு. டி.என்.எஃப். அடக்கும் மருந்து உடலில் உறங்கிக் கிடக்கும் காசத்தை எழுப்பிவிடக் கூடும் என்பதால், அதற்கான சோதனைகளைச் செய்த பின்னரே தொடங்குகின்றனர். பிரித்தறிய முடியாத போது முதலில் காசத்துக்கு மருந்து கொடுத்துச் சில திங்கள் கழித்துப் புண் ஆறியதா என்று பார்க்கின்றனர். ஆகவே நம் நோயாளர்க்கு மேலைநாட்டாரைவிடக் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கிறது.

மற்றொரு முன்னேற்றம் மிக எளிமையானது. மலத்தில் கால்புரொடெக்டின் என்னும் புரதத்தின் அளவைக் கண்டு, குடலில் அழற்சி இருக்கிறதா, தணிந்ததா என்பதை உள்நோக்கிக் கருவி இன்றியே ஓரளவு கணிக்க முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு சிறு குப்பியில் மலத்தைக் கொண்டுவந்து தரவேண்டும். எங்கள் மாணவி அந்தக் குப்பியை நான்கு உறைகளில் சுற்றிக் கொண்டுபோனாராம். 2021இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த சிகிச்சை இலக்குகளில் குடற்புண் ஆறுதலோடு, அன்றாட வாழ்வின் நலம் மீளுதலும், நோயுற்ற குழந்தை இயல்பாக வளர்தலும் இடம்பெற்றுள்ளன. வாழ்வின் நலம் மீண்டதா என்பதைக் குருதிச் சோதனை சொல்லாது, நோயுற்றவரே சொல்லவேண்டும்.

உணவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. காலரா நோயாளர்க்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது கழிச்சல் குறைந்தது என்பது அதன் முடிபு. அம்மாவு பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிறுசிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றின் துணையால் குடல் உப்பையும் நீரையும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் பெருங்குடல் அணுக்களுக்கே உணவாகிறது. சோறு வடித்து ஆறும்போது இவ்வகை மாவு ஓரளவு கூடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் பழைய சோற்றைக் குடலழற்சி நோயாளரிடையே ஆராயத் தொடங்கியதும் இத்தொடர்பில்தான். இதைக் கேட்டதும் பழைய சோற்றுப் பெருமை பாடக் கிளம்பிவிடாதீர்கள் என்று கவிஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தை நிறுத்திவிட்டுச் சோற்றை நம்பியவர் குருதியிழந்து மருத்துவமனைக்கு வந்தால் அப்பழி நம் கவிதையைச் சேரும்.

மங்கல வழக்கு செய்யும் கேட்டைச் சொல்லாமல் விட முடியாது. பெண்ணுக்கு இந்நோய் என்று தெரிந்தால் திருமணம் தட்டிப்போகும் என்று வீடே சேர்ந்து மறைக்கிறது. மணமான பின் அப்பெண் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்து விழுங்குகிறாள்; அல்லது கருவுற்றதும் அஞ்சி நிறுத்திவிடுகிறாள். மருத்துவ உண்மை வேறு. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருவுற்றால் பெரும்பாலும் நலமாகவே பிள்ளை பிறக்கிறது. மெத்தோட்ரெக்சேட் போன்ற சிலவற்றைத் தவிர்க்கவேண்டும் என்றாலும், பெரும்பாலான மருந்துகளைத் தொடரலாம். தாமே நிறுத்தி நோயைக் கிளப்பிவிடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் பெருங்கேடு. நம் கவிதைகளில் தாய்மையைப் போற்றிய அளவுக்கு இதை எவரேனும் போற்ற வேண்டாம். வெறுமனே சொன்னாலே போதும்.

மருந்துக்கு அடங்காதபோது அறுவை. பெருங்குடலை நீக்கி, சிறுகுடலின் முனையை வயிற்றின் மேற்புறம் திறந்து வைப்பதுண்டு. 1952இல் பர்மிங்ஹாம் நகரின் பிரையன் புரூக், அம்முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையைக் கண்டார். தோல் வெந்து புண்ணாகும் கொடுமை அதனால் பெரிதும் குறைந்தது. பின்னர் 1978இல் இலண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் சிறுகுடலாலேயே உட்பை அமைத்து, புறத்திறப்பே வேண்டாதபடி செய்யும் முறையை வெளியிட்டனர். அப்புறத்திறப்புக்கு மேலையோர் 'ஸ்டோமா' என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில் வாய் என்று பொருள். நாமோ 'பை' என்று மட்டும் சொல்லிப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். அதனோடு வாழ்நாள் முழுதும் வாழ்கிறவர் தம் உடலின் ஓர் உறுப்பைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டாவா? எருவாய், கருவாய் என்றெல்லாம் உறுப்புகளுக்குப் பெயர் வைத்த மொழியில் இதற்கும் ஒரு நல்ல பெயர் பிறக்க வேண்டும். அது அகராதிக் குழுவின் அறையில் பிறப்பதைவிட இந்த அவையில் பிறப்பதையே விரும்புகிறேன்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து, நோயுற்றவரை முதலில் வைத்து, அருகிருந்து பேணுபவரை இறுதியில் வைத்தார். அந்த இறுதியானவரை 'உழைச்செல்வான்' என்கிறார். மேலைநாடுகள் சிலவற்றில் இந்நோய்க்கென்றே பயின்ற செவிலியர் தொலைபேசியில் நோயாளரின் வாய்மொழி கேட்டு வழிகாட்டுகிறார்கள். மருந்தைப் போலவே அதுவும் சிகிச்சையின் பகுதியாகிவிட்டது. நம்மிடம் அத்தகையோர் மிகச் சிலரே. அதுவரை உழைச்செல்பவர் வேலையை வீட்டிலுள்ளோரும் விடுதித் தோழியரும் வகுப்பாசிரியருமே செய்தாக வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே. எங்கள் துறை மாணவியர் தத்தம் ஊர்களில் பாட்டிமாரிடம் கேட்டு, குடலும் கழிவும் தொடர்பான சொற்களைத் தொகுத்து வருகிறார்கள். நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. பல சொற்கள் எந்த அகராதியிலும் எனக்குக் கிட்டவில்லை. படி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சொல் அதில் இல்லையேல் கீழே எழுதிவிடுங்கள். சொன்னவர் ஊரையும் குறித்துவிடுங்கள். புறத்திறப்புக்குத் தோன்றும் பெயர்களைத் தனித்தாளில் எழுதித் தாருங்கள். அடுத்த திங்கள் கூட்டத்தில் அவற்றைப் படித்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குவதாகத் தலைவர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் மாணவியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். உணவுக்கு மணி ஆகிவிட்டது என்று செயலாளர் ஐயா சைகை காட்டுகிறார்.